ஒன்றும் சொல்லாவிட்டால்

றிப்தாவின் வேலை என்னவென்று மடவளையில் யாருக்கும் ஒழுங்காகத் தெரியாது. கண்டி டவுனில் கம்பியூட்டர் வேலை என்று உம்மா சொல்லிக்கொள்வாள். வாப்பா அதுவும் சொல்லமாட்டார், "பெரியவ ஒபீஸ் போற" என்பதோடு சரி. அவளே ஒருமுறை உட்கார்ந்து விளக்கப் பார்த்தாள். இப்போது ஏஜென்ட் என்று ஒன்று வந்திருக்கிறது, நாம் பேசுகிற மாதிரி எழுதிக் கொடுத்தால் அதுவே கருவிகளை எடுத்து வேலையை முடித்துத் தரும், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கும், ஏஜென்ட் அதை வாசித்துத்தான் கருவியைக் கையாளும், அந்தக் குறிப்பு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுவதுதான் என் வேலை என்றாள். வாப்பா பாதியிலேயே எழுந்துவிட்டார். "சரி சரி, பேப்பர் திருத்துற" என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குத் தொழப் போய்விட்டார்.

வாப்பாவுக்கு எதையும் முழுவதாகக் கேட்கிற பழக்கம் கிடையாது. சாஹுல் ஹமீது ஹாஜியார் என்றால் கட்டுகஸ்தோட்டையில் அவர் கடைக்கு ஆணியும் பெயின்டும் தண்ணீர்க் குழாயும் வாங்க வருகிற எல்லாருக்கும் தெரியும். வந்தவர் வாயைத் திறக்கும் முன்னே சாமானை எடுத்து மேசையில் வைத்துவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு, மற்றவர் மனதில் இருப்பது தனக்குத் தெரியும் என்று அவர் நம்பிவிட்டார். "சுருக்கா, சுருக்கா" என்பதுதான் வீட்டில் அவர் அதிகம் சொல்லும் சொல். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல மனிதர் அவசரப்பட்டால் குறுக்கே நிற்க யாருக்கும் மனம் வருவதில்லை. கெட்டவன் என்றாலாவது நாலு பேர் சண்டைக்குப் போவார்கள்.

இளைய மகள் பஸ்லினாவின் கல்யாணப் பேச்சும் அந்த வேகத்தில்தான் ஓடியது. மாப்பிள்ளை அஹ்னாப் அலவத்துகொடக்காரன். டோஹாவில் வேலை, லீவில் வந்திருந்தான். நோன்புப் பெருநாள் முடிந்து பேச்செடுத்தார்கள், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்னால் நிக்காஹ் என்று முடிவாகிவிட்டது. பஸ்லினாவிடம் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். "பொடியன் எப்படி?" என்று உம்மா கேட்டாள். "நல்லம்" என்றாள் பஸ்லினா. அது உண்மைதான், பொடியன் நல்லவன். அதோடு கேள்வி முடிந்தது, புடவைக் கடைக்குப் போகத் தொடங்கினார்கள்.

நிக்காஹ் பள்ளிவாசலில் ஆண்களுக்கு நடுவே நடக்கும், பெண் வீட்டில் இருப்பாள். அதற்கு முன் தகப்பன் இரண்டு சாட்சிகளோடு வந்து மகளிடம் சம்மதம் கேட்க வேண்டும். பெண் வாய் திறந்து சொன்னாலும் சரி, வெட்கத்தில் பேசாமல் இருந்தாலும் சரி, சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். றிப்தாவும் தன் நாளில் பேசாமல்தான் இருந்தாள். ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டிருந்தது, வாயைத் திறந்தால் சிரித்துவிடுவோமோ என்ற பயம். கணவன் ஃபாஸில் குருநாகலில் வேலை பார்க்கிறான், வார இறுதியில் வருவான், இன்றைக்கும் அதைச் சொல்லிக் கேலி செய்வான். அதனால் பேசாமல் இருக்கிற பெண்ணுக்குள் வேறு ஏதாவது இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு நிக்காஹ். அன்று காலையில் கேட்கிற சம்மதத்தை வாப்பா புதன்கிழமைக்கே இழுத்துவிட்டார். "வெள்ளிக்கிழம வீடு நெறய ஆக்கள். சுருக்கா இதையாவது முடிச்சு வைப்போம்" என்றார். புதன் காலை றிப்தா பஸ்ஸுக்குப் புறப்படும்போது பஸ்லினா கேட் வரைக்கும் பின்னால் வந்தாள்.

"ராத்தா, அஸருக்கு முந்தி வந்திருவீங்கதானே?"

"வராம? நான் இல்லாம எப்படி?" என்று சொல்லி அக்காக்காரி தங்கச்சியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

போனவள் நேரத்துக்கு வரவில்லை. அன்று அவள் கையில் இருந்தது வீடியோ வெட்டி ஒட்டும் கருவி ஒன்றின் குறிப்பு. வியாழன் மாலைக்குள் புள்ளி போட்டுக் கொடுக்க வேண்டும். சாதாரணமாக இந்தக் குறிப்புகளை வாசிப்பது கல் பொறுக்காத அரிசியைச் சாப்பிடுவது மாதிரி. இது அப்படியில்லை. எழுதியவர் யாரோ, எழுதத் தெரிந்தவர். எந்த வகை வீடியோவைக் கொடுக்கலாம், எப்படிச் சுருக்கலாம், பிழை வந்தால் என்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றுக்கும் உதாரணம் வைத்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி எழுதியிருந்தார். அந்த அழகில் மயங்கி வாசித்துக்கொண்டிருந்தவள் நேரத்தைக் கோட்டைவிட்டாள். மடவளை பஸ் அவளை இறக்கியபோது பள்ளியில் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. வீட்டில் சம்மதம் கேட்டு, துஆ ஓதி, வட்டிலப்பமும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

பாயிஸ் சாச்சா எல்லாவற்றையும் போனில் பிடித்து வைத்திருந்தார். சாச்சா, வாப்பாவின் தம்பி, அன்றைய சாட்சிகளில் ஒருவர். சாட்சி சொல்வதை விடப் படம் பிடிப்பதில்தான் அவருக்கு ஆர்வம். "மகள், மாப்புளட உம்மா கேக்குறா. ஒன்ட கம்பியூட்டர்ட்ட குடுத்து சின்னதாக்கித் தா. இவ்வளவு நீட்டுக்கு யாரு பாக்குற?" என்றார்.

றிப்தாவுக்கும் அது வசதியாக இருந்தது. கருவியைச் சோதிக்க ஏதாவது ஒரு வீடியோ வேண்டும், இது கையில் வந்து விழுந்திருக்கிறது. ஏஜென்டிடம் வீடியோவைக் கொடுத்து, குடும்பக் குழுவில் போடுகிற அளவுக்குச் சுருக்கு என்று மட்டும் எழுதினாள். பெரிய வீடியோவை அவள் பார்க்கவில்லை. கல்யாண வீடு, தலைக்கு மேல் வேலை. தேநீர் ஆறுவதற்குள் சின்ன வீடியோ வந்துவிட்டது. வாப்பா கேட்கிறார்: "மகள், அலவத்துகொட அஹ்னாபுக்கு ஒன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்க ஒனக்குச் சம்மதமா?" பஸ்லினா நிமிர்ந்து இருக்கிறாள். அடுத்த நொடி தலை குனிகிறது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்கிறார் சாச்சா. பளிச்சென்று இருந்தது.

எல்லாரும் ஹோலில் சுற்றி நின்று பார்த்தார்கள். "பாருங்கோ, கேட்ட ஒடன தலையாட்டிட்டா" என்று சாச்சாவின் மனைவி சிரித்தாள். பஸ்லினாவும் கதவோரம் வந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு ராத்தாவின் முகத்தைப் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள், அப்படியே அறைக்குள் போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று றிப்தா நினைத்தாள். வீடியோ குடும்பக் குழுவுக்குப் போனது, அங்கிருந்து அலவத்துகொடைக்குப் போனது. மஃரிப் தொழுகைக்குப் பிறகு அஹ்னாபிடமிருந்து றிப்தாவுக்குக் குரல் செய்தி வந்தது. "ராத்தா, எனக்கு மிச்சம் பயமா ஈந்த. புள்ளைக்கு விருப்பமோ இல்லையோ எண்டு. யோசிக்காமயே தலையாட்டிட்டாவே! இப்பதான் மனசு லேசாகின." அந்தக் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டு றிப்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஒபீஸுக்கு லீவு போட்டிருக்கலாம். அரைநாள் போய்ப் புள்ளியைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினாள். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடி அவர்களுடைய ஒபீஸ். ஒருவர் போட்ட புள்ளியை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். றிப்தா போட்டதைப் பார்ப்பவள் லோஜினி, மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து வந்து கண்டியில் தங்கி வேலை பார்ப்பவள். யாருடைய முகத்துக்காகவும் அரைப் புள்ளி கூட விட்டுக்கொடுக்கமாட்டாள்.

"இவ்வளவு போட்டிருக்கீங்க?" என்றாள் லோஜினி.

"வாசிச்சுப் பாருங்க, லோஜினி. எவ்வளவு நல்லா எழுதியிருக்கு."

"நல்லாத்தான் எழுதியிருக்கு. அழகுக்கா புள்ளி போடுறோம்?" அவள் திரையை மேலும் கீழும் ஓட்டினாள். "நாம மொதல்ல கேக்க வேண்டியத கேட்டீங்களா? ஆளு ஒண்ணும் சொல்லாட்டி இது என்னா செய்யும்? அது எங்க இருக்கு?"

றிப்தா கதிரையைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்தாள். ஒவ்வொரு குறிப்பிலும் அவள் முதலில் தேடுவது அதைத்தான். கருவியைப் பாவிப்பவர் ஒரு விஷயத்தைப் பற்றி எதுவும் குறிப்பிடாவிட்டால், கருவி தன்பாட்டில் எதைத் தீர்மானிக்கும்? அதைச் சொல்லாத குறிப்பு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் ஆபத்தானது. நேற்று அந்தக் கேள்வியையே மறந்துவிட்டிருந்தாள். இரண்டு பேரும் மேலிருந்து கீழே தேடினார்கள். மௌனமான இடங்களை நீக்கலாம் என்று ஓரிடத்தில் இருந்தது. நீக்கு என்று சொன்னால்தான் நீக்குமா, சொல்லாவிட்டாலும் நீக்குமா என்பது எங்கேயும் இல்லை.

"செஞ்சு பாத்துருவோம். பெரிசும் சின்னதும் இருக்கிற வீடியோ ஏதாச்சும் இருக்கா?"

"நேத்து செஞ்சது ஒண்டு ஈக்கி. தங்கச்சிட" என்றாள் றிப்தா.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டார்கள். சின்னதில் கேள்வி, தலை குனிதல், அல்ஹம்துலில்லாஹ், முடிந்தது. பெரியதில் கேள்வி முடிந்தது, பஸ்லினா நிமிர்ந்தே இருந்தாள். யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வாப்பா கைமணிக்கூட்டைப் பார்த்தார். பஸ்லினா வாயைத் திறந்தாள், மூடினாள். கதவோரம் உம்மா நின்றிருந்தாள். பஸ்லினா அவளைப் பார்த்ததும் உம்மா உள்ளே திரும்பிப் போய்விட்டாள். பஸ்லினாவின் கண் அந்தக் கதவிலேயே நின்றது, பிறகு வாசல் கதவுக்கு வந்தது, அங்கிருந்து ஜன்னலுக்குப் போய் மறுபடியும் வாசலுக்கு வந்தது. வர வேண்டிய யாரையோ தேடுகிற பார்வை அது. இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் சாச்சா கேமராவுக்குப் பின்னாலிருந்து மெல்லச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவளுடைய வாய் மூடிக்கொண்டது. தலை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, இனி ஒன்றும் இல்லை என்பது போலக் கீழே போனது. அதற்குப் பிறகுதான் அல்ஹம்துலில்லாஹ்.

லோஜினிக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. "இந்தப் புள்ள தலையாட்டவே இல்லியே, றிப்தா" என்றாள். பிறகு, மெதுவாக, "என்னா கேட்டாங்க அவகிட்ட?" என்றாள்.

றிப்தா வீடியோவை நிறுத்தினாள். தங்கச்சி வாசலில் யாரைத் தேடினாள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. கருவி பேச்சில்லாத இடத்தையெல்லாம் வெறும் இடம் என்று எண்ணி வெட்டி, நிமிர்ந்த தலையையும் குனிந்த தலையையும் ஒட்டியிருக்கிறது. ஒட்டிய இடத்தில் ஒரு சம்மதம் முளைத்துவிட்டது. அதை ஊர் முழுக்க அனுப்பியது அவள் கைதான்.

"புள்ளிய நான் மாத்திப் போடுறேன். நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள் லோஜினி.

மடவளை பஸ் வட்டப்புளுவையில் நெரிசலில் நின்றது. நாளை இந்நேரம் நிக்காஹ் முடிந்திருக்கும். சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது, ஒரே தட்டைச் சுற்றியிருந்து உண்ணும் சகன் சாப்பாட்டுக்கு ஆள் பேசியாகிவிட்டது. ஒருவேளை வெட்கம்தானோ, தானே வீணாக எதையாவது கிளப்புகிறோமோ என்று மனம் வழியெல்லாம் சமாதானம் தேடியது. கேட்டால்தானே தெரியும். கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்துபோனதால் வந்த வினைதான் இது.

பஸ்லினா அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நாளைய சாரி பக்கத்தில் விரித்து வைத்திருந்தது. றிப்தா கதவைச் சாத்தினாள்.

"பெரிய வீடியோவ இண்டைக்குத்தான் பாத்த" என்றாள்.

பஸ்லினா நிமிர்ந்தாள். "நேத்துப் பாக்கல்லையா?"

"இல்ல."

"பாத்துட்டுத்தான் வெட்டின எண்டு நினைச்ச, ராத்தா." அவள் குரல் உடைந்தது. "எல்லாத்தையும் பாத்துட்டு, இது சரிவராது எண்டு எனக்குச் செல்லத்தான் அப்படி வெட்டி ஒட்டின எண்டு நினைச்ச. நீங்களே அப்படிச் செஞ்சா, இனி யாரிட்ட நான் வாயத் தொறந்து செல்ற?"

றிப்தா தரையில் உட்கார்ந்து தங்கச்சியின் மடியில் தலையை வைத்து அழுதுவிட்டாள். ஆறுதல் சொல்ல வந்தவளை மற்றவள் தேற்ற வேண்டியதாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்க முடிந்தது.

"வேணாமா, பஸ்லினா?"

"வேணாம்."

"ஏன் செல்லல்ல?"

"வாயத் தொறந்த. எனத்துக்கு வேணாம் எண்டு கேட்டா எனத்த செல்ற? அவர் நல்லம். அவங்கட உம்மாவும் நல்லம். மனசுல வேற யாரும் இல்ல. ஒரு காரணமும் இல்ல ராத்தா, எனக்கு வேணாம், அவ்வளவுதான். காரணம் இல்லாதவளுக்கு வேணாம் எண்டு செல்ல ஏலாதா?" புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பேசாம ஈந்தா வாப்பா இன்னொரு தரம் கேப்பார் எண்டு நினைச்ச. அப்பவாவது செல்லலாம் எண்டு. கேக்கல்ல."

மஃரிப் தொழுதுவிட்டு வாப்பாவும் சாச்சாவும் வந்தார்கள். வாப்பா கையில் நாளைய வேன்களின் கணக்கு இருந்தது. றிப்தா அவரை ஹோலில் கதிரையில் உட்காரச் சொன்னாள்.

"வாப்பா, ஒரு வீடியோ பாக்கோணும்."

"நேத்தே பாத்தாச்சே. சுருக்காச் செல்லு, வேன்காரனுக்குக் கோல் எடுக்கோணும்."

"இது சுருக்காப் பாக்க ஏலாது, வாப்பா."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை உட்கார வைத்தது. போனை அவர் கையில் கொடுத்தாள். கேள்வி வந்தது. பிறகு அந்த நீண்ட சத்தமின்மை வந்தது. வாப்பா இரண்டு தடவை விரலைத் திரைக்குக் கொண்டுபோனார், ஓட்டிவிடப் பார்த்தார். றிப்தா அவர் கையை மெல்ல விலக்கினாள். மகள் வாயைத் திறக்கிற இடத்தில் தான் குனிந்து மணிக்கூட்டைப் பார்ப்பதை வாப்பா பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

சாச்சாதான் முதலில் அண்ணனிடம் பேசினார். "இதெல்லாம் வெக்கம், நானா. எல்லாப் புள்ளைகளும் இப்படித்தான். பேசாம ஈந்தா சம்மதம் எண்டு மார்க்கத்துலயே ஈக்கி."

"வெக்கப்படுற புள்ளைக்கு லேசாக்கித் தந்தது அது, சாச்சா. செல்ல முடியாத புள்ளைட வாய அடைக்க இல்ல" என்றாள் றிப்தா. வாப்பாவின் பக்கம் திரும்பினாள். "நான் பேப்பர் திருத்துற எண்டு சென்னீங்களே வாப்பா. எங்கட ஒபீஸ்ல மொதல்ல கேக்குற கேள்வி ஒண்டுதான். ஆள் ஒண்டும் செல்லாட்டி எனத்த நடக்கும்? அத முன்னுக்கே செல்லி வைக்கோணும். பஸ்லினாவுக்கு அத யாராவது சென்னமா? நீ பேசாம ஈந்தா நாங்க இப்படி எடுப்போம், வேணாம் எண்டா இப்படிச் செல்லு எண்டு சென்னமா? அவ நீங்க திரும்பக் கேப்பீங்க எண்டு பாத்துக்கொண்டு ஈந்த. நாங்க முடிச்சிட்டு வட்டிலப்பம் சாப்பிட்ட."

"நாளைக்கு நிக்காஹ். ஊருக்கெல்லாம் சென்னாச்சு" என்றார் சாச்சா. அவருக்கும் குரல் இறங்கிவிட்டது.

"எனக்கு நேத்தே தெரியும்." சமையலறைக் கதவில் உம்மா நின்றிருந்தாள். "அவ என்னப் பாத்த. நான் பாத்துட்டுத்தான் உள்ளுக்குப் போன. நிண்டா கேக்க வேண்டி வரும் எண்டு போன." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாப்பா போனை மேசையில் வைத்தார். வேன் கணக்கு மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, அதை எடுக்கவில்லை. எழுந்து பஸ்லினாவின் அறைக்குப் போனார். றிப்தா பின்னால் போய்க் கதவோரம் நின்றாள். நேற்று நிற்க வேண்டிய இடம் அது.

அவர் ஒரு கதிரையை இழுத்து மகளுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வசனத்தைத் தேடிப் பேசினார்.

"மகள், நேத்து நான் கேட்ட விதம் பிழை. இப்பத் திரும்பக் கேக்குற. நாளைக்கு எனத்த நடக்கும், யாரு எனத்த செல்லுவாங்க, அதெல்லாம் என்ட தலையில. ஒன்ட தலையில இல்ல." நிறுத்தி மூச்சு விட்டார். "காரணம் கேக்கமாட்டேன். விருப்பம் எண்டா, வாயத் தொறந்து விருப்பம் எண்டு செல்லு. நீ பேசாம ஈந்தா, வேணாம் எண்டுதான் நான் எடுப்பேன். வெளங்கினதா? ஒண்டும் செல்லாட்டி, வேணாம்."

பஸ்லினா அவரைப் பார்த்தாள். நேற்றுப் போலவே நிமிர்ந்து இருந்தாள்.

வாப்பா காத்திருந்தார். கையில் மணிக்கூடு இருந்தது, அதைப் பார்க்கவில்லை. வெளியே கடைசிக்கு முந்திய பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள், பிறகு மூடினார்கள். பஸ்லினாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் நின்றது. அவள் உதடு அசையவில்லை. சாச்சா ஏதோ சொல்ல வாயெடுத்தார், வாப்பா திரும்பாமலே கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பள்ளியிலிருந்து இஷாத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. முழுவதும் சொல்லி முடியும்வரை அவர் அசையவில்லை. முடிந்த பிறகும் இருந்தார், ஒருவேளை பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டியிருக்கலாம் என்று.

பஸ்லினா ஒன்றும் சொல்லவில்லை.

வாப்பா எழுந்து அவள் தலையில் கையை வைத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்போதும் பேசவில்லை.

ஹோலுக்கு வந்ததும் சாச்சா மெதுவாகக் கேட்டார், "நானா, ஊருக்கு எனத்த செல்ற?"

"சாஹுல் ஹமீதுக்குக் கேக்கத் தெரியல்ல எண்டு செல்லு" என்றார் வாப்பா. பிறகு றிப்தாவைப் பார்த்து, "மகள், அந்தச் சின்ன வீடியோவ எல்லா எடத்துலயும் அழிச்சிரு. பெரிசு ஈக்கட்டும்" என்றார்.

அவள் போனை எடுத்துக் குழுவிலிருந்து வீடியோவை அழித்தாள். அஹ்னாப் அவளுக்குத் தனியாக அனுப்பிய குரல் செய்தி பதில் இல்லாமல் கிடந்தது. மனசு லேசாகின என்று அவன் சொன்னது காதுக்குள் கேட்டது. அவனும் ஒரு பாவமும் அறியாத பிள்ளை. அவனுக்கு அவள்தான் தன் வாயால் சொல்ல வேண்டும், நாளைக்கல்ல, இன்றைக்கே. ஆனால் செய்தி முதலில் பெரியவர்களிடமிருந்து போக வேண்டும். வாப்பா அதற்குள் தன் போனில் அலவத்துகொட மாப்பிள்ளை வீட்டு எண்ணை அழுத்திவிட்டார்.

ஸலாம் சொன்னார். சுகம் விசாரித்தார். பிறகு சொன்னார்: "சம்பந்தி, நேத்து நாங்க அனுப்பின வீடியோ உண்மையில்ல. புள்ள சம்மதம் செல்லல்ல, தலையாட்டவும் இல்ல. இண்டைக்கு ஒழுங்காக் கேட்ட. அவளுக்கு வேணாம். ஒங்கட மகன்ல ஒரு குறையும் இல்ல. பிழை முழுக்க எங்கட, என்ட."

மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று சாச்சா எட்டிப் பார்த்தார். அறவில்லை, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வாப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமல், "ஹலோ" என்றுகூடச் சொல்லாமல், அவர்கள் பேசும்வரை நின்றுகொண்டிருந்தார்.